எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கொக்கி

கார் சாமான் வாங்க அண்ணன் புதுப்பேட்டைக்குப் போய் வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், இரண்டு அட்டைப் பெட்டிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தானாம். உட்கார்ந்தால் யாராவது அதன் மேல் மூட்டையை வைத்துவிடுவார்களாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தான். உள்ளே வைக்கோலுக்கு நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, இரண்டு ஹாலஜன் விளக்குகள். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. நான் கத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்து, "இதுல சோறு போட்டுத் துன்னப் போறியா?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அண்ணனிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. எங்களுக்கு முன்னால் யார் யாரோ ஓட்டிக் களைத்த வண்டி. மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினான். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், எது வந்தாலும் போவான். இருட்டினால் மட்டும் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். பழைய விளக்குகளைப் போட்டால் விளக்கு எரிகிறது என்பது எதிரே வருகிறவனுக்குத் தெரியுமே தவிர, நமக்கு ரோடு தெரியாது. அப்போது கேம்ப் ரோட்டிலிருந்து எங்கள் மாடம்பாக்கத்துக்குத் திரும்பும் பாதையில் தெருவிளக்கே கிடையாது. எருமைகள் நடுரோட்டில் சாவகாசமாகப் படுத்திருக்கும். "எருமையும் கறுப்பு, ரோடும் கறுப்பு, நான் இன்னா பண்றது?" என்பான். ராத்திரி சவாரி எல்லாம் மற்ற வண்டிக்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காரை வாங்குவதற்காக அம்மா நாவலூர்ப் பக்கம் தன் பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலத்தை விற்றிருந்தாள். வேர்க்கடலைகூட ஒழுங்காக வராத மணல் தரை. "அந்த மணல வச்சிக்கினு இன்னா செய்யப் போற?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், எடுத்தவருக்கு அன்று சோறு கிடையாது. ஆனால் அப்போது அது எங்களுக்கு நல்ல வியாபாரமாகத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அந்தக் கார்தான் அவள் நிலம். தினமும் காலையில் வாசலுக்கு வந்து, பயிர் பார்ப்பது போல அதை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள்.

விளக்கைப் பொருத்த அண்ணனின் கூட்டாளி ஒருவர் பம்மலிலிருந்து வந்தார். தோல் கிடங்குகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் கார் எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். வயர் உரிக்கக் கருவி எல்லாம் அவருக்கு வேண்டாம், பல் போதும். அவரையும் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்; இங்கே குழப்பம் வேண்டாம், எலக்ட்ரீஷியன் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியிலிருந்த பழைய மெல்லிய வயர் இந்த விளக்குகளைத் தாங்காது என்று சொல்லி, பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயரை இழுத்தார். முன்பக்கக் கிரிலுக்குப் பின்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அதைக் கொடி போலத் தொங்கவிட்டு, உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் புதிதாக வைத்த ஒரு ஸ்விட்சுக்குக் கொண்டு போனார். ஆங்காங்கே கறுப்பு டேப்பைச் சுற்றினார். "மச்சான், போடு சுச்ச!" என்றார்.

அண்ணன் போட்டான். அப்பாடா! எதிர்வீட்டுச் சுவர் பட்டப்பகலாகிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த பழைய போஸ்டரின் கிழிசல்கூடத் தெரிந்தது. அப்போதுதான் அடைந்த பக்கத்து வீட்டுக் கோழிகள் விடிந்துவிட்டதென்று கூடையை விட்டு இறங்க ஆரம்பித்தன. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இம்மாம் வெளிச்சம் ஊரு கண்ணுக்கு ஆவாது," என்றாள். எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், ஒரு துண்டு அடுப்புக்கரி எடுத்து வந்தாள். நூலில் கோத்துக் கட்டினால் மாடு இழுத்துத் தின்றுவிடுகிறது என்று, அவளுடைய உலகப் பிரசித்தி பெற்ற கட்டுக்கம்பியை எடுத்தாள். வீடு கட்டி முடித்தபோது கொத்தனார் மிச்சம் வைத்துவிட்டுப் போன மெல்லிய இரும்புக் கம்பிச் சுருள் அது. துடைப்பம் தளர்ந்தால் கட்டுக்கம்பி, கேட்டின் கொண்டி உடைந்தால் கட்டுக்கம்பி. ஒருமுறை என் செருப்பு வாரையே அதால் தைத்துக் கொடுத்தாள்; அதோடு ரயிலில் பக்கத்தில் நின்ற பெண்ணின் புடவையைக் கிழித்துவிட்டு நான் வாங்காத திட்டு இல்லை. குறடால் நாலு முறுக்கு முறுக்கினால் எதுவும் நிற்கும் என்பது அம்மாவின் கணக்கு. கிரிலுக்குள் கையை விட்டு, துழாவி, இறுக்கி முறுக்கிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் பழம் மாறும், புது முறுக்கு விழும்.

அடுத்த சில மாதங்கள் எங்கள் வீட்டில் திருவிழாதான். அண்ணனுக்கு ராத்திரி சவாரி வர ஆரம்பித்தது. ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் அவனைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா காலையில் காரைச் சுற்றி வரும்போது அவள் நடையே மாறியிருந்தது.

அதற்கப்புறம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், நாவலூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணன் விளக்கைப் போட்டான். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. சட்டென்று விளக்குகள் செத்துப்போயின. ரப்பர் கருகும் நாற்றம். பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது.

"எறங்கு! எறங்கு!" என்று அண்ணன் கத்தினான். நான் குதித்துவிட்டேன். அம்மா இறங்கவில்லை. சித்தி கொடுத்த புடலங்காய் கதவுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது; அதை விட்டுவிட்டு இறங்க அவளுக்கு மனசில்லை. நான் அவளையும் புடலங்காயையும் சேர்த்து வெளியே இழுத்தேன். அண்ணன் பானெட்டைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரியின் முனையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். தீப்பொறி பறந்தது. அப்புறம் புகை மெல்ல அடங்கியது. 

ஒரு டிராக்டர்காரர் வண்டியை வீடு வரை இழுத்து வந்து விட்டார். வாசலில் இறங்கியதும் அம்மா சொன்னாள்.

"வித்துடு."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"எரிஞ்சி சாம்பலாயிருந்தா நிலமும் போயி, வண்டியும் போயி, நீயும் போயிருப்ப. ராசியில்லாத வண்டி. முழுசா இருக்கறப்பவே வித்துடு."

மறுநாளே ஆள் அனுப்பி ஒரு கார் புரோக்கரிடம் சொல்லிவிட்டாள். அவர் வரும் திங்கட்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு. அன்று அமாவாசை, நல்ல நாள் என்று அம்மாவே தேர்ந்தெடுத்தாள். அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி, திரும்பவும் தண்ணி லாரிக்கே போறேன்," என்று சாதாரணமாகச் சொன்னான். கார் வருவதற்கு முன் அவன் ஒரு முதலாளியிடம் தண்ணீர் லாரி ஓட்டி, நேரத்துக்கு வராததற்கு ஒரு திட்டு, வந்ததற்கு ஒரு திட்டு என்று வாங்கிக்கொண்டிருந்தவன். அன்று சாயங்காலம் அவன் வாசலில் நின்ற காருக்குள் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலை என்னவென்றால் வயர் கட்டுவது. ஆணி அடித்த பெரிய பலகை முன்னால் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்போம். ஆணிகளுக்கு நடுவே கலர் கலராக வயர்களை ஓட விட்டு, கட்டி, முனைகளில் பித்தளைக் கொக்கிகளை நசுக்கிச் சேர்ப்போம். அது எந்த மிஷினுக்குள் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் மேலதிகாரி "ஃபாரின்" என்பார். எங்கள் கை பட்ட எதுவும் எரிந்தோ, சுற்றியோ, சத்தம் போட்டோ நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு வயர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பது மட்டும் எங்கள் விரலுக்குத் தெரியும். தகரத்தில் ஓட்டை வழியாகப் போனால் ரப்பர் வளையம் வேண்டும். தொங்கக் கூடாது. சூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கடைசியில் ஒவ்வொரு முனையையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், நின்றால்தான் பெட்டிக்குள் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா பாப்பா பண்ற?"

"பாக்கறேன்."

"நாளைக்கு விக்கப் போற வண்டியில இன்னாத்தப் பாக்கற?"

"விக்கற வரைக்கும் நம்ம வண்டிதான?" என்றேன்.

பேட்டரி முனை கழற்றியே இருந்தது. அங்கிருந்து தடித்த வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். கிரிலுக்குப் பின்னால் வந்ததும் விரல் கருகிய பிசினில் ஒட்டியது. குனிந்து பார்த்தேன். வயரின் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது ஓர் இரும்புக் கம்பி. அதன் ஒரு நுனி பம்பரைத் தாங்கும் இரும்பில் சுற்றியிருந்தது. மறுநுனியில் கரிந்துபோன ஓர் எலுமிச்சம்பழம்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. காரின் உடம்பு முழுக்க பேட்டரியின் இன்னொரு முனைதான்; வயரின் செம்பு அதைத் தொட்டால் ஷார்ட். அம்மா கிரிலுக்குள் துழாவியபோது கெட்டியாகக் கையில் அகப்பட்டது இந்தத் தொங்கும் வயர். அதையும் பம்பர் இரும்பையும் சேர்த்துப் போட்டு முறுக்கியிருக்கிறாள். அமாவாசைக்கு அமாவாசை இன்னும் இறுக்கி முறுக்கியிருக்கிறாள். வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, அன்று அந்தப் பள்ளத்தில் செம்பைத் தொட்டுவிட்டது. வழியில் ஒரு பியூஸ் இருந்திருந்தால் அது போய் எல்லாம் அணைந்திருக்கும். எலக்ட்ரீஷியன் பியூஸ் போடவில்லை.

அண்ணனுக்குக் காட்டினேன். அவன் முகம் மாறியது. உடனே அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா கிட்ட சொல்லாத பாப்பா. ஒடஞ்சி போயிடும்."

"சொல்லாம வித்துட்டா நீ ஒடஞ்சி போவ. அது பரவால்லியா?"

நான் குறடால் கம்பியை வெட்டி, கருகிய பழத்தோடு கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போகும்போது இருந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். நாலு கேள்வி நறுக்கென்று கேட்பதாகத்தான் இருந்தேன். ராசியில்லாத வண்டியாம், ராசி!

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் முறுக்கு அவளுக்குத் தெரியாதா?

"நான் கட்டனது," என்றாள்.

"ஆமாம்மா."

"இதாலயா?"

"ஆமாம்மா."

அவள் அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றாள். "காப்பாத்தட்டும்னு தாண்டி கட்டனேன்," என்றாள். என் வேகமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"நீ கட்டனது தப்பில்லம்மா. வயரு அங்க தொங்கனதுதான் தப்பு. அது இருக்க வேண்டிய எடமே அது இல்ல. நான் எடம் மாத்திடறேன்."

அவள் கம்பியை ஜன்னலில் வைத்துவிட்டு மறுபடி அரிசியில் கையை விட்டாள். "நாளைக்கு புரோக்கர் வரான். சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றாள்.

அதுதான் நிலைமை. மறுநாள் காலை வரைக்கும் நேரம் இருந்தது. நான் அண்ணனைப் பம்மலுக்குத் துரத்தினேன்.

எலக்ட்ரீஷியன் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்து இறங்கினார். வரும்போதே சண்டைக்குத் தயார். "நான் போட்ட வயரு இது வரைக்கும் எங்கியும் பொகஞ்சதில்ல தங்கச்சி. வோணும்னா மார்க்கெட்டுல கேட்டுப் பாரு."

"இது பொகஞ்சிக்கீதேண்ணா," என்று கருகிய துண்டை நீட்டினேன்.

அவர் அதை மூக்கருகில் கொண்டுபோனார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் சட்டையைக் கழற்றி வாசல் மரத்துக் கிளையில் மாட்டினார். "சொல்லு, எப்டி எடுத்துகினு போலாம்?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

முற்றத்து மண்ணில் குச்சியால் காரின் முன்பக்கத்தைப் பெரிதாக வரைந்தேன். கம்பெனிப் பலகையில் இருப்பது போலவே அதில் ஆணிகளை நட்டேன். எலக்ட்ரீஷியன் பையிலிருந்து ஒரு ரிலே எடுத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா அது. டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் அதற்கு ஒரு சின்ன சைகை மட்டும் காட்டினால் போதும். பெரிய மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து விளக்குக்கு அது தானே திறந்துவிடும். ஆக, டாஷ்போர்டு வரை தடித்த வயர் போகவே வேண்டாம், அங்கே ஸ்விட்ச் சூடாகவும் ஆகாது. பேட்டரியை விட்டு வயர் கிளம்பியதுமே, ஒரு சாண் தள்ளி பியூஸ். "அது முதல்ல," என்றேன். "அது முதல்ல," என்று அவரும் தலையாட்டினார்.

வயர் கிரில் பக்கமே போகக் கூடாது என்று முடிவு. மட்கார்டின் உள்விளிம்பையொட்டி, உயரத்தில், இன்ஜின் சூடும் ஃபேன் இறக்கையும் எட்டாத வழியில் கொண்டு போனோம். ரேடியேட்டரைத் தாண்ட வேண்டிய இடத்தில் மேல்சட்டத்தின் பின்பக்கமாகவே ஓட்டினோம். அங்கே வெளியிலிருந்து யார் கையும் நுழையாது. மண்ணில் நட்ட ஆணிகளுக்கு நடுவே முதலில் எல்லா வயர்களையும் ஒரே கட்டாகக் கட்டி, கறுப்புக் குழாய்க்குள் நுழைத்து, பிறகுதான் வண்டிக்குள் வைத்தேன். அண்ணன் கிளிப்புகளைத் திருகினான். தகரத்தைத் துளைத்த இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம். விளக்குக்குப் பின்னால் வயர் கீழே ஒரு வளைவு வளைந்து மேலே ஏறுகிற மாதிரி கொஞ்சம் தொய்வு விட்டேன். மழைத் தண்ணீர் வயர் வழியே ஓடினால் வளைவிலேயே சொட்டிவிடும், விளக்குக்குள் போகாது. எர்த் வயரை, பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்கினோம். விளக்குகளுக்குள் எலக்ட்ரீஷியன் முன்பு போட்டிருந்த ராட்சசப் பல்புகளைக் கழற்றிவிட்டு சாதாரண ஹாலஜன் பல்பே போட்டோம். மற்றவன் கண்ணைக் குருடாக்கி நாம் ஊர் போய்ச் சேர வேண்டாமே.

எத்தனை வருஷம் வயர் கட்டியிருக்கிறேன்! முதல் தடவையாக அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கை என்னை மீறி ஓடியது. பசி தெரியவில்லை. அம்மா இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள். ஒரு தடவை, "பொண்ணு பாக்க வரவங்க இதப் பாத்தா நல்லாருக்கும்," என்றாள். நான் பம்பருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். "வயரு பாத்துட்டுப் போட்டும்மா," என்றேன். எலக்ட்ரீஷியனுக்கு மறுபடி சிரிப்பு. அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டில் சோறு வந்தது.

கடைசியாக ஒவ்வொரு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் நின்றன. பேட்டரியை மாட்டச் சொன்னேன். வெயில் இறங்கியிருந்தது.

"பாப்பா, நீயே போடு," என்றான் அண்ணன்.

ஸ்விட்சில் விரலை வைத்தேன். ரிலே 'டிக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தம்! எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம். நான் கட்டிய வயர் வழியாகப் போன வெளிச்சம். நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. காரை விட்டு இறங்கி, முன்னால் ஓடிப்போய், அந்த வெளிச்சத்துக்குள் நின்று, பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் மறுபடி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு கைதட்டினேன். அண்ணன் ஓடி ஓடி பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான், ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தான், ரிலேவைத் தொட்டுப் பார்த்தான். "சூடே இல்ல பாப்பா! ஜில்லுனு கீது!" என்றான். சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தின் தலை அந்தக் கோட்டுக்கு மேலே ஏறாதபடி எலக்ட்ரீஷியன் விளக்குகளைத் தாழ்த்தித் திருகினார்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்று அண்ணன் கேட்டபோது, அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரெண்டு பேரையும் தனியா அனுப்பிட்டு நான் இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காரணுமா?" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் விடைபெற்று, கிளையில் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

கோயில் தெருவைத் தாண்டி ஏரிக்கரைக்குத் திரும்பினோம். அமாவாசைக்கு முந்தைய நாள், நிலா இல்லை. ரோடு கண்ணுக்கு எட்டிய வரை தெரிந்தது. பள்ளம் எல்லாம் பள்ளமாகத் தெரிந்தது. தூரத்தில் எருமை ஒன்று படுத்திருப்பதை அண்ணன் பார்த்து, "தோ பாரு எரும! தோ பாரு எரும!" என்று எருமையை முதல் முறையாகப் பார்ப்பவன் மாதிரிக் கூவினான். நானும் கூவினேன். எதிரே வந்த சைக்கிள்காரர் கண் கூசாமல் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்தப் பள்ளம் வந்தது. வண்டி இறங்கி ஏறியது. விளக்குகள் இமைக்கக்கூட இல்லை.

"நிறுத்து," என்றாள் அம்மா.

அண்ணன் நிறுத்தினான். அவள் இறங்கி முன்பக்கம் போனாள். வெளிச்சத்தில் அவள் முகம் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. குனிந்து, எலுமிச்சம்பழம் கட்டுவாளே அந்த இடத்தில், கிரிலுக்குள் கையை விட்டாள். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, புறங்கையால் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தாள். துழாவினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தாள். விற்பதைப் பற்றியோ விற்காததைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். கேட்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் புரோக்கர் சொன்னபடி வந்துவிட்டார். நெற்றியில் பட்டை, கையில் தோல் பை. அண்ணன் காரைத் துடைத்து நிறுத்தியிருந்தான். விற்பதானாலும் அழுக்காகக் கொடுக்க மாட்டான் அவன். நான் வேலைக்குக் கிளம்பியவள் கிளம்பாமல் வாசலிலேயே நின்றேன். புரோக்கர் டயரை உதைத்துப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், பானெட்டைத் தூக்கச் சொன்னார்.

"பொகஞ்ச வண்டின்னு சொன்னாங்க. வயரிங் எல்லாம் புதுசா கீதே? யாரு போட்டது?" என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எம் பொண்ணு போட்டது."

தலை குளித்து, ஈரம் காயாத முடியோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். புரோக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு போட்ட வயரா? அப்ப வெலய கொஞ்சம் பாத்துதான் சொல்லணும்," என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"வெலயே சொல்ல வாணாம்," என்றாள் அம்மா. "விக்கறதுக்கு இல்ல. வந்தது வந்தீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. புரோக்கர் முணுமுணுத்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். அம்மாவின் காப்பியை யாரும் வேண்டாம் என்பதில்லை.

அவர் தெரு திரும்பியதும் அம்மா உள்ளே போய் வந்தாள். கையில் புது எலுமிச்சம்பழம், மிளகாய், கரி. எல்லாம் பருத்தி நூலில் கோத்திருந்தது. காருக்கு முன்னால் வந்து, கிரிலுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடி கட்டணும்? நீ சொல்லு."

முந்தின நாளே அதற்கு இடம் வைத்திருந்தேன். பம்பரின் இடது ஓரத்தில், எந்த வயரும் எட்டாத தூரத்தில், ஒரு சின்னக் கொக்கி. காட்டினேன். அவள் குனிந்து நூலைக் கட்டினாள்.

"இங்க கட்டனா எதையும் அறுக்காதே?"

"அறுக்காதும்மா."

அவள் பழத்தைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நின்றது.